அத்தியாயம் 6: முடிவெடுத்த தருணத்தை எழுதுங்கள்

தம் துறையைப் பற்றி எழுத உட்காரும் நிபுணர்களின் முதல் வரைவுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் வகை, பாடநூல். ‘சர்க்கரை நோய் என்றால் என்ன?’, ‘கான்கிரீட்டின் வகைகள்’, ‘உயில் எழுதுவது எப்படி?’ என்று தலைப்பிட்டு, வரையறையில் தொடங்கி, வகைகளை வரிசைப்படுத்தி முடித்திருப்பார்கள். தகவலில் பிழை இருக்காது. ஆனால் அதே தகவல் நூறு இடங்களில் கிடைக்கும். கால் நூற்றாண்டு தொழில் செய்தவர் எழுதியதா, நேற்றுப் பட்டம் வாங்கியவர் எழுதியதா என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை.

இரண்டாம் வகை, வாழ்க்கைக் குறிப்பு. பிறந்த ஊர், படித்த கஷ்டம், முதல் வேலை, கிடைத்த விருது என்று போகும். உணர்ச்சி இருக்கும், வாசகருக்கு எடுத்துச் செல்ல எதுவும் இருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் தொழிலில் நீங்கள் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்த தருணத்தைச் சொல்வது. அந்தத் தருணத்தில் கண்ணில் பட்டது எது, குழப்பியது எது, எதை நம்பி எதை ஒதுக்கினீர்கள் என்பதைச் சொல்வது. சொந்தக் கதை நிபுணருக்குப் பயன்படுவது இங்கேதான். அப்படிப்பட்ட தருணங்களைக் கண்டுபிடிக்கவும், சேர்த்து வைக்கவும், எழுதவும், யாருக்கும் தீங்கில்லாமல் வெளியிடவும் இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

நிபுணருக்கே தெரியாத நிபுணத்துவம்

அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். நெருக்கடியில் அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. நேராகக் கேட்டபோது உருப்படியான பதில் வரவில்லை. நாங்கள் முடிவெடுப்பதே கிடையாது, செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்கிற பாணியில்தான் பேசினார்கள். ஆகவே க்ளைனும் அவருடைய குழுவினரும் கேள்வியை மாற்றினார்கள். கடினமாக இருந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு அதே சம்பவத்துக்குள் திரும்பத் திரும்பப் போய், அப்போது என்ன பார்த்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், வேறு என்ன செய்திருக்கலாம் என்று துருவினார்கள்.

1998இல் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்ற ஒரு சம்பவம் புகழ்பெற்றது. ஒரு வீட்டின் பின்பக்கத்தில், சமையலறைப் பகுதியில் தீ. படைத் தலைவர் தம் ஆட்களுடன் கூடத்துக்குள் போய்த் தண்ணீர் அடிக்கிறார். தீ அடங்க வேண்டும், அடங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றவே எல்லோரையும் வெளியேறச் சொல்கிறார். வெளியேறிய சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. தீயின் மூலம் அடித்தளத்து அறையில், அவர்கள் காலடியில் இருந்திருக்கிறது.

தம்மைக் காப்பாற்றியது ஏதோ அமானுஷ்ய சக்தி என்றே அந்தத் தலைவர் நம்பியிருந்தார். விசாரித்துப் பார்த்தபோது காரணங்கள் வெளிவந்தன. சிறிய சமையலறைத் தீக்கு அந்தக் கூடத்தின் வெப்பம் மிக அதிகம். அவ்வளவு வெப்பத்துக்கு ஏற்ற இரைச்சலும் இல்லை. தண்ணீருக்குத் தீ கட்டுப்படவும் இல்லை. அவர் அறிந்திருந்த எந்தத் தீயோடும் இது பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையை அவருடைய அனுபவம் கண்டுகொண்டது. அதைச் சொல்ல வார்த்தை மட்டும் அவரிடம் இருக்கவில்லை.

உங்கள் நிலையும் இதுவாகவே இருக்கலாம். உங்கள் அறிவில் பெரும்பகுதி விதிகளாக நினைவில் இல்லை. சம்பவங்களுக்குள் பொதிந்து கிடக்கிறது. ‘வீடு கட்டுவதில் கவனிக்க வேண்டியவை’ என்று யோசித்தால் பாடநூல்தான் வரும். ‘கான்கிரீட் போடும் வேலையை எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன், ஏன்?’ என்று யோசித்தால் உங்கள் அறிவு வரும். கதை சொல்வது வாசகரை ஈர்க்கும் உத்தி என்று மட்டும் நினைக்காதீர்கள். அது உங்கள் அறிவை நீங்களே கண்டெடுக்கும் வழியும்கூட.

மூன்று முன்மாதிரிகள்

தமிழில் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு உ.வே.சாமிநாதையர். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த ஊரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு அந்தப் பட்டியல் பெருமைக்குரியது. முதலியாரோ அதில் ஆர்வம் காட்டவில்லை. சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றைச் சாமிநாதையர் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் படிப்பதில் தொடங்கிய உழைப்பு 1887இல் அந்நூலின் பதிப்பாக நிறைந்தது. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, 1940இல் ‘என் சரித்திரம்’ என்ற தொடரை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது இந்தச் சந்திப்பையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். அதற்குள் அவர் மகாமகோபாத்தியாயர். தமிழுலகமே போற்றும் பெரியவர். ‘பழைய இலக்கியங்களின் அருமையை உணர்ந்து அவற்றைத் தேடிப் பதிப்பித்தேன்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தாம் படித்த நூல்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்லி, அவை போதாமல் போன இடத்தை அப்படியே காட்டுகிறார். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டதையும் சொல்கிறார். அதனால்தான் சுவடிப் பதிப்பு எப்படி நடக்கிறது என்பதை எந்தப் பாடநூலைவிடவும் அந்தத் தன்வரலாறு நன்றாகக் கற்பிக்கிறது. பிரதி கிடைத்தால் மட்டும் போதாது, அந்த நூலின் உலகத்தில் வாழ்பவர்களையும் கேட்க வேண்டும் என்ற பாடம் சம்பவத்திலிருந்தே வாசகருக்குக் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி எச்சரித்தது. உடனிருந்த நிபுணர்கள் சொன்னதன்பேரில் தொடரலாம் என்று முடிவெடுத்தவர் அவர். செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டிய நேரத்தில் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வெற்றி பெற்றபோது, செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். தலைமைப் பண்பு என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் கலாம் இந்தச் சம்பவத்தையே மேடைதோறும் சொன்னார். கதையில் அவர் இருக்கிறார், முடிவெடுத்தவரும் அவரே. ஆனால் கற்பிப்பவர் தவான். உங்கள் கதையில் நீங்கள் நாயகராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. உங்களுக்கு மூத்தவர், உங்கள் மேஸ்திரி, உங்கள் செவிலியர், உங்கள் கட்சிக்காரர் யார் வேண்டுமானாலும் கற்பிக்கலாம். நீங்கள் நல்ல சாட்சியாக இருந்தால் போதும்.

மூன்றாவது, நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ். 1974இல் நார்வே நாட்டு மலையொன்றில் விழுந்து அவருடைய காலில் பலத்த அடிபட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கால் தம்முடையதாகவே அவருக்குத் தோன்றவில்லை. 1984இல் அதை ஒரு நூலாக எழுதினார். மருத்துவர் நோயாளியான அனுபவம் அது. வழக்கறிஞர் தம் சொந்த நிலத் தகராறில் வாதியாக நிற்பதும், ஆசிரியர் தம் பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் காத்திருப்பதும் இதே வகை. மேசையின் மறுபக்கம் உட்கார நேர்ந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். வாசகர் எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்.

தருணங்களைச் சேர்த்து வைக்கும் முறை

‘எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, தினமும் ஒரே வேலைதானே’ என்பார்கள். நினைவு நம்மை அப்படி ஏமாற்றுகிறது. பழகிய வேலையில் எடுத்த முடிவு, முடிவாகவே தெரியாமல் மறந்துபோகும். ஆகவே எழுதும் நாளில் யோசிப்பதை நம்பாதீர்கள். ஒரு குறிப்பேடு வையுங்கள். வாரம் ஒரு நாள், வேலை முடிந்ததும், அந்த வாரத்தில் சற்றுத் தயங்கிய ஏதேனும் ஒரு தருணத்தை எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எழுத அலுப்பாக இருந்தால் கைப்பேசியில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள்.

1. எல்லோரும் என்ன நினைத்தார்கள்? (அல்லது நான் முதலில் என்ன நினைத்தேன்?)
2. பொருந்தாமல் இருந்த குறி எது? எதைப் பார்த்தேன், கேட்டேன், தொட்டேன்?
3. என் முன்னால் இருந்த வழிகள் எவை? ஒவ்வொன்றுக்கும் என்ன விலை?
4. எதைத் தேர்ந்தேன்? எதை நம்பித் தேர்ந்தேன்?
5. என் துறையில் இல்லாத ஒருவர் இதிலிருந்து எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் ஏட்டில் இப்படி ஒரு குறிப்பு இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்: ‘முகூர்த்தத்துக்கு நாள் நெருங்குகிறது. சென்ட்ரிங் சாமான் வாடகை ஏறுகிறது. வீட்டுக்காரர், “ஒரு வாரம் ஆச்சே சார், முட்டைப் பிரிச்சிரலாமா?” என்கிறார். கூடத்தின் அகலம் 16 அடி. பிரிக்க வேண்டாம் என்றேன். படுக்கையறைப் பக்கம் மட்டும் பிரிக்கச் சொன்னேன்.’

நான்கைந்து வரிதான். ஆனால் இதற்குள் ஒரு கட்டுரையே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டால் போட்டு முறையாகத் தண்ணீர் விட்டு ஆற்றிய கூரைத் தளத்துக்கு இரண்டு கணக்குச் சொல்கிறது. தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டர் வரை இருந்தால், தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம். அதற்கு மேல் இருந்தால் 14 நாள் ஆக வேண்டும். 16 அடி என்பது 4.5 மீட்டரைத் தாண்டுகிறது. சிறிய படுக்கையறை தாண்டுவதில்லை. ஒரே கூரை, ஒரே நாளில் போட்ட கான்கிரீட். ஆனாலும் ஒரு பக்கம் பிரிக்கலாம், மறுபக்கம் கூடாது. இந்த விதியை விதியாகவே சொன்னால் வீட்டுக்காரருக்கு மறுநாள் நினைவிருக்காது. வாடகை ஏறிக்கொண்டிருந்த அந்த வீட்டில் பொறியாளர் கூடத்தைக் காட்டி ‘வேண்டாம்’ என்றதைச் சொன்னால், தம் வீட்டுக் கூடத்தை அளக்க அவரே டேப் எடுப்பார்.

ஒரு சம்பவம், மூன்று வரைவுகள்

இப்போது எழுதிப் பார்ப்போம். கிராமப்புற மருத்துவர் ஒருவர் கட்டுவிரியன் கடியைப் பற்றி எழுதுகிறார். கீழே உள்ள மூன்று வரைவுகளும் பயிற்சிக்காக அமைத்த மாதிரிகள்; மனிதர்கள் கற்பனை, மருத்துவக் குறிகள் மெய்.

முதல் வரைவு: ‘இந்தியாவில் மனித உயிரிழப்பை அதிகம் ஏற்படுத்தும் நான்கு பாம்புகள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.’

இரண்டாம் வரைவு: ‘என் மருத்துவ வாழ்வில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறேன். அன்றும் அப்படித்தான். யாராலும் கண்டுபிடிக்க முடியாததை நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன்.’

முதல் வரைவு உண்மை, எங்கும் கிடைக்கும். இரண்டாவதில் ‘ஒரே பார்வை’யில் என்ன பார்த்தார் என்பதே இல்லை. வாசகருக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாம் வரைவு:

‘விடிந்தும் விடியாத நேரத்தில் அவரைத் தூக்கிவந்தார்கள். வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. முந்தைய நாள் இரவு ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். கூட வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சாப்பாட்டைத்தான் குறை சொன்னார்கள். எனக்கும் முதலில் அப்படியே தோன்றியது.

வயிற்றை அழுத்திப் பார்த்தேன். இளக்கமாக இருந்தது. பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. அதே பந்தியில் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரைக் கேட்டேன்; பேச்சு குழறியது. இமைகள் பாதி மூடியிருந்தன. தூக்கக் கலக்கமாக இருக்கலாம். “நல்லா மேல பாருங்க” என்றேன். இமைகள் ஏறவில்லை.

“ராத்திரி எங்கம்மா படுத்திருந்தாரு?” என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

“புழுக்கமா இருக்குன்னு திண்ணையில பாய விரிச்சுப் படுத்தாரு டாக்டர்.”

“பூச்சி பொட்டு ஏதாச்சும் கடிச்சுதுன்னு சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலையே.”

உடம்பு முழுக்கத் தேடியும் கடித்த தடம் தெரியவில்லை. தடம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா, இமைகளை நம்பி நஞ்சுமுறி மருந்தைத் தொடங்குவதா? மருந்தால் ஒவ்வாமை வரக்கூடும்; அதைச் சமாளிக்க என்னிடம் வழி இருந்தது. மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டால் சமாளிக்கச் செயற்கைச் சுவாசக் கருவி என்னிடம் இல்லை. மருந்தைத் தொடங்கினேன். கருவி உள்ள மருத்துவமனைக்கு அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, நானும் கூடவே போனேன்.

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் தூங்குபவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. தடம்கூடத் தெரியாமல் போகலாம். கடிபட்டது தெரியாமலே தூங்கி, வயிற்று வலியோடு எழுபவர்கள் உண்டு. இமை சரிவது முக்கியமான முதல் அடையாளம். தரையில் படுத்துத் தூங்கி எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியோ, இமைச் சரிவோ, பேச்சுக் குழறலோ இருந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். கயிற்றால் கட்டுவதும் கத்தியால் கீறுவதும் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பது நல்ல பாதுகாப்பு.’

இந்த வரைவு எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். எல்லோரும் நம்பிய விளக்கம் முதலில் வருகிறது. வாசகரும் அதை நம்புகிறார். அடுத்துப் பொருந்தாத குறிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மருத்துவரோடு சேர்ந்து வாசகரும் சந்தேகப்படத் தொடங்குகிறார். பிறகு இரண்டு வழிகளும் அவற்றின் விலைகளும். அதன் பிறகே முடிவு. கடைசியில் பொதுவிதி. குறிப்பேட்டின் ஐந்து கேள்விகளும் அதே வரிசையில் கட்டுரையின் ஐந்து பகுதிகளாகியிருக்கின்றன. வரிசையை மாற்றி, ‘இது கட்டுவிரியன் கடி’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், வாசகர் சந்தேகப்படக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விடும்.

மனைவி பேசுவது பேச்சுத் தமிழில் இருப்பதையும் கவனியுங்கள். விளக்கத்தை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். மனிதர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே விடுங்கள். தொழிலில் புழங்கும் சொற்களையும் மாற்ற வேண்டாம். சித்தாள், மேஸ்திரி, சென்ட்ரிங், பட்டா, வாய்தா, டோக்கன் என்று களத்தில் எது வழங்குகிறதோ அதுவே வாசகருக்கு நம்பிக்கை தரும்.

கதையோடு விதியும் வேண்டும்

ஒரு சம்பவம் எதையும் நிரூபிக்காது. இதை நிபுணர் மறந்தால், கதையின் வலிமையே ஆபத்தாகிவிடும். ‘என் நோயாளி ஒருவருக்கு இந்த இலைச்சாறு கேட்டது’ என்பதும் சொந்த அனுபவம்தான். கேட்பவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். ‘அந்தப் பங்கை வாங்கினேன், மூன்று மடங்கானது’ என்பதும் சொந்த அனுபவம்தான்.

ஆகவே ஒவ்வொரு கதைக்குப் பின்னும் மூன்று செய்திகளைச் சேர்க்கப் பழகுங்கள். இது அடிக்கடி நடப்பதா, அபூர்வமா? துறையின் தரநூலோ, சட்டமோ, நிலைபெற்ற ஆய்வோ இதைப் பற்றி என்ன சொல்கிறது? எந்தச் சூழலில் இந்தப் பாடம் பொருந்தாது? பொறியாளரின் கதைக்கு ஐ.எஸ். 456 துணை நிற்கிறது. அந்த அளவு சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கானது என்பதையும் அவர் சொல்ல வேண்டும்; வேறு வகைச் சிமென்ட்டுக்குக் கணக்கு மாறலாம். கதை வாசகரை உட்கார வைக்கிறது; விதிதான் அவரைக் காப்பாற்றுகிறது. இரண்டில் ஒன்று மட்டுமே உங்களிடம் இருந்தால், மற்றதைத் தேடி எடுக்கும் வரை வெளியிடாதீர்கள்.

பிறர் வாழ்க்கை உங்கள் கையில்

நிபுணரின் சொந்தக் கதையில் பெரும்பாலும் இன்னொருவரின் வலி இருக்கிறது. அவர் உங்களிடம் வந்தது சிகிச்சைக்காக, வழக்குக்காக, கணக்குக்காக. உங்கள் கட்டுரைக்குப் பாத்திரமாக அவர் வரவில்லை.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த நடத்தை விதிகள், நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவதைச் சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்கின்றன. மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதையும் அவை தடுக்கின்றன. பொதுச் சுகாதாரம் பற்றித் தம் பெயரில் எழுதுவதை அனுமதிக்கின்றன. தணிக்கையாளர்களுக்கு 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளரின் தகவலை அவர் ஒப்புதலின்றி, சட்டம் கோராதபோது வெளியிடுவது அதன்படி தொழில்முறைத் தவறு. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதற்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அது தொடர்கிறது. வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகளும் சொல்கின்றன. உங்கள் துறையின் விதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

சட்டத்துக்கு அப்பால், நடைமுறையில் கடைப்பிடிக்க வேண்டியவை:

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய ஊரில் ‘பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர்’ என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர், வயது, தொழில், குடும்ப விவரம், நடந்த காலம் ஆகியவற்றில் எவையெல்லாம் பாடத்துக்குத் தேவையில்லையோ அவற்றை நீக்குங்கள் அல்லது மாற்றுங்கள்.

பாடத்தைத் தாங்கும் விவரங்களை மாற்றாதீர்கள். கட்டுவிரியன் கதையில் ஊரை மாற்றலாம். இமைச் சரிவையும் தரையில் படுத்ததையும் மாற்றக் கூடாது. அவற்றை மாற்றினால் கதை பொய்யாகும்.

இரண்டு மூன்று சம்பவங்களைச் சேர்த்து ஒன்றாக எழுதினால் அதை வாசகரிடம் சொல்லிவிடுங்கள். ‘அடையாளம் தெரியாதிருக்க விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்ற ஒரு வரி உங்கள் மதிப்பைக் கூட்டும்.

எவ்வளவு மாற்றினாலும் சம்பந்தப்பட்டவர் படித்தால் தம்மை அடையாளம் காண்பார் என்றால், அவரிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி கேளுங்கள். அவர் உங்கள் தயவில் இருக்கும்போது, அதாவது சிகிச்சையோ வழக்கோ நடந்துகொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். அப்போது அவரால் மறுக்க முடியாது. மறுத்தால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். உங்கள் ஏட்டில் வேறு கதை இருக்கும்.

உடன் வேலை செய்தவரின் தவறை வெளிச்சம் போட்டுக் காட்டி உங்கள் திறமையை நிறுவாதீர்கள். ‘முந்தைய டாக்டர் கண்டுபிடிக்கவில்லை’ என்ற வரி இல்லாமலே அந்தக் கதையைச் சொல்ல முடியும். சொல்ல முடியவில்லை என்றால் அது உங்களைப் பற்றிய கதைதான், வாசகருக்கானது இல்லை.

ஒரு சம்பவம், பல வடிவங்கள்

நன்றாகச் சேர்த்த ஒரு தருணத்தைப் பல இடங்களில் பயன்படுத்தலாம். இதழ்ப் பத்திக்கு எழுதினால் ஐந்து பகுதிகளும் வேண்டும். மூன்று நிமிடக் காணொளியில் சூழலை இரண்டு வாக்கியத்தில் முடித்து, நேரே பொருந்தாத குறிக்கு வந்துவிடுங்கள். வாய்ப்பிருந்தால் அந்தக் குறியைக் காட்டுங்கள். பொறியாளராக இருந்தால் டேப்பை நீட்டி 16 அடியை அளந்து காட்டலாம். மேடையில் பேசும்போது முடிவுக்கு முன் நிறுத்தி, ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள், பதில்கள் வரட்டும். வாட்ஸ்அப் குரல்பதிவில் பொதுவிதியை முதலிலும் கடைசியிலும் இருமுறை சொல்லுங்கள், ஏனென்றால் கேட்பவர் நடுவில் விட்டுவிடலாம். எந்த வடிவமானாலும் குறியும் முடிவும் விதியும் விடுபடக் கூடாது. மற்றவற்றைச் சுருக்கலாம்.

வெளியிடுமுன் கேட்க வேண்டியவை

- இதில் நான் தயங்கிய இடம் தெரிகிறதா?
- நான் கண்ட குறியை வாசகரும் காணும்படி எழுதியிருக்கிறேனா, அல்லது ‘உடனே புரிந்துகொண்டேன்’ என்று தாண்டிவிட்டேனா?
- என்னைப் பற்றிய வரிகளில் எவற்றை நீக்கினாலும் பாடம் குறையாது? அவற்றை நீக்கிவிட்டேனா?
- பொதுவிதியும் அதன் எல்லையும் இருக்கின்றனவா?
- சம்பந்தப்பட்டவர் இதைப் படித்தால் என் எதிரே வந்து நிற்க முடியுமா? நான் அவர் எதிரே நிற்க முடியுமா?

பயிற்சி

இந்த வாரம் ஓர் ஏடு வாங்குங்கள். உங்கள் தொழிலில் எல்லோரும் ‘சரி’ என்றபோது நீங்கள் ‘பொறுங்கள்’ என்ற ஒரு தருணத்தை எடுத்து ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். பிறகு உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், உங்கள் அத்தையிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ, அதை வாயால் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறார், எந்த இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறார் என்று கவனியுங்கள். முதலாவதை விரித்தும் இரண்டாவதைச் சுருக்கியும் எழுதுங்கள்.

சாமிநாதையர் தன்வரலாற்றை எழுதியிராவிட்டாலும் சிந்தாமணியின் பதிப்பு நமக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அது உருவான வழி கிடைத்திருக்காது. உங்கள் துறையிலும் எத்தனையோ பேர் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்களிடம் இருப்பது போய்விடாதிருக்க, இன்றே ஒரு தருணத்தையாவது எழுதி வையுங்கள்.